லிட்டர் விலையை விடுங்கள், நோட்டை எடுங்கள்: மலை ஓட்டுநர் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள ஓட்டுநர் நண்பர்களே,

நீலகிரியில் வாடகைக்கு ஜீப், மேக்சி கேப், பிக்கப், சிறு லாரி ஓட்டுகிற எல்லாச் சங்கத்தாருக்கும் சேர்த்தே எழுதுகிறேன். உங்களில் சிலர் என்னிடம் கணக்குப் படித்தவர்கள். படித்தவர்கள் என்பதைவிட, நான் கணக்கு நடத்தியபோது ஜன்னல் வழியாக மூடுபனியைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் என்பது சரியாக இருக்கும். கோபம் ஏதுமில்லை. எனக்கும் அந்த ஜன்னல் பிடிக்கும்.

சென்ற மாத வாடகைப் பேச்சுக்கு என்னையும் கூப்பிட்டீர்கள். கூட்டியது யார், எந்த மண்டபம் என்பதெல்லாம் இங்கே வேண்டாம். வாடகையை ஏன் உயர்த்த வேண்டும் என்று, வாடகை கொடுக்கும் எதிர்த்தரப்பில் கேட்டார்கள். "மலையில் பெட்ரோல், டீசல் விலை அதிகம்" என்று நம் பக்கத்தில் ஒருவர் எழுந்து சொன்னார். எவ்வளவு அதிகம் என்று அடுத்த கேள்வி வந்தது. ஒருவர் மூன்று ரூபாய் என்றார். இன்னொருவர் ஐந்து என்றார். பின்வரிசையிலிருந்து ஒரு தம்பி கைப்பேசியைப் பார்த்து, "ஒன்றரை ரூபாய்கூட வராது போலிருக்கிறதே" என்று உண்மையைப் போட்டு உடைத்தார். மண்டபம் சிரித்தது. தேநீரும் வர்க்கியும் வந்தன. பேச்சு அத்தோடு முடிந்தது.

அன்றைக்கு நீங்கள் தோற்றது நியாயம் இல்லாததால் அல்ல. நியாயம் இருந்த எண்ணை விட்டுவிட்டு, இல்லாத எண்ணைப் பிடித்துக்கொண்டதால். அதைத்தான் விளக்கப் பார்க்கிறேன். கொஞ்சம் கணக்கு வரும். பத்தாம் வகுப்புப் புத்தகத்தின் கடைசி இயலைத் தாண்டி எதுவும் வராது. புள்ளியியலும் நிகழ்தகவும் என்று தலைப்பிட்ட அந்த எட்டாம் இயலைத் தேர்வு நெருங்கும்போது அவசர அவசரமாக நடத்தி முடித்த ஆசிரியர்களில் நானும் ஒருவன். அந்தக் கடனையும் சேர்த்தே இப்போது தீர்க்கிறேன்.

முதலில் விலை. 2017 ஜூன் 16 முதல் நாடு முழுவதும் பெட்ரோல், டீசல் விலை நாள்தோறும் காலை 6 மணிக்கு மாறலாம் என்ற முறை நடப்பில் இருக்கிறது. அதற்கு முன் மாதம் இருமுறை மாறியது. எந்த ஊரில் எந்த விலை என்பதைத் தீர்மானிப்பதில் அடிப்படை விலை, மத்திய அரசின் கலால் வரி, விற்பனையாளர் கமிஷன், மாநில வரி ஆகியவை ஒரு மாநிலத்துக்குள் எல்லா ஊருக்கும் ஏறத்தாழ பொது. ஊருக்கு ஊர் மாறுவது பெரும்பாலும் டேங்கர் வாடகைதான். கொச்சியிலிருந்து கோவைக்குப் பக்கத்திலுள்ள இருகூருக்கும் அங்கிருந்து கரூருக்கும் எரிபொருள் குழாயில் வந்துவிடுகிறது. மலைக்குக் குழாய் கிடையாது. மேட்டுப்பாளையம்-குன்னூர் மலைப்பாதையின் பர்லியார் வளைவுகளில் நமக்கு முன்னால் ஊர்ந்துகொண்டு, ஹாரன் அடித்தாலும் வழிவிட இடமில்லாமல் போகிறதே அந்த டேங்கர், அதன் கூலிதான் நம் பங்க் விலையில் கூடுதலாக ஒட்டிக்கொள்கிறது. அதன் மேல் வரியும் ஏறுகிறது. தமிழகத்தில் பெட்ரோலுக்கான மதிப்புக்கூட்டு வரி, 2021 ஆகஸ்டில் 3 ரூபாய் குறைத்த பிறகு, 13 சதவீதமும் லிட்டருக்கு 11.52 ரூபாயும் சேர்ந்தது. அந்தச் சதவீதப் பகுதி டேங்கர் கூலியின் மீதும் விழுவதால் ஒரு ரூபாய் கூலி நம் கைக்கு வரும்போது 1.13 ரூபாயாகிறது.

ஆக, "மலையில் விலை அதிகம்" என்பது பொய்யல்ல. ஆனால் 2024 அக்டோபர் கடைசியில் பொதுத்துறை எண்ணெய் நிறுவனங்கள் மாநிலத்துக்குள்ளான போக்குவரத்துச் செலவைச் சீரமைத்து, கிடங்குக்குத் தொலைவான ஊர்களின் விலையைச் சற்று இறக்கின. உங்கள் வாதத்தின் காலில் ஏற்கெனவே பலம் குறைவு, அதையும் அன்றைக்கே தட்டிவிட்டார்கள். செய்தி வந்த நாளில் நம்மில் எத்தனை பேர் கவனித்தோம்?

சரி, விலை எவ்வளவு சிதறிக் கிடக்கிறது என்று எப்படி அளப்பது? ஆறு பங்க்குகளின் பெட்ரோல் விலையை ஒரே நாளில், காலை 6 மணிக்குப் பிறகு குறித்துக்கொண்டதாக வைத்துக்கொள்ளுங்கள். கணக்கு எளிதாக வரவேண்டும் என்பதற்காக நானே இட்ட எண்கள் இவை, எந்தப் பலகையிலும் பார்த்தவை அல்ல: 101.40, 101.90, 102.10, 102.30, 102.50, 103.00. கூட்டினால் 613.20. ஆறால் வகுத்தால் சராசரி 102.20. பெரியதிலிருந்து சிறியதைக் கழித்தால் வீச்சு 1.60.

பேச்சு மேசையில் எல்லோரும் சண்டை போட்டது இந்த வீச்சைப் பற்றித்தான். ஒருவர் உச்சத்தைச் சொன்னார், ஒருவர் அடியைச் சொன்னார். வீச்சு இரண்டே இரண்டு பங்க்குகளைத்தான் பார்க்கிறது. நடுவிலுள்ள நாலு பேரும் அதன் கண்ணில் படுவதில்லை. இப்போது இன்னோர் ஆறு விலைகள்: மூன்று பங்க்குகளில் 101.40, மூன்றில் 103.00. இதற்கும் சராசரி 102.20 தான், வீச்சும் 1.60 தான். இரண்டும் ஒரே மாதிரியான மாவட்டங்களா? முதலாவதில் பெரும்பாலோர் நடுவில் கூடியிருக்கிறார்கள். இரண்டாவது, நடுவே ஆற்றை வெட்டிவிட்டதுபோல் இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது.

இந்த வேறுபாட்டைக் காட்டத்தான் திட்ட விலக்கம். ஒவ்வொரு விலையும் சராசரியிலிருந்து எவ்வளவு விலகி நிற்கிறது என்று பாருங்கள். விலகலை வர்க்கப்படுத்துங்கள். கூடுதலும் குறைவும் ஒன்றையொன்று தின்றுவிடாமல் இருப்பதற்காகத்தான் அந்த வர்க்கம். வர்க்கங்களின் சராசரி விலக்க வர்க்கச் சராசரி, அதன் வர்க்கமூலம் திட்ட விலக்கம். முதல் ஆறுக்குச் செய்தால் வர்க்கங்களின் கூடுதல் 1.48, ஆறால் வகுக்க 0.247, வர்க்கமூலம் ஏறத்தாழ 50 காசு. இரண்டாவது ஆறுக்குச் சரியாக 80 காசு. சராசரியும் வீச்சும் மறைத்ததை இது சொல்லிவிட்டது. (மாவட்டத்து பங்க் எல்லாவற்றையும் கேட்டிருந்தால் ஆறால் வகுங்கள். பலவற்றில் ஆறை மட்டும் மாதிரிக்கு எடுத்திருந்தால் ஐந்தால் வகுக்க வேண்டும், அப்போது முதல் விடை 54 காசாகும். தேர்வில் இதற்கு மதிப்பெண் கழித்தேன், இப்போது கழிக்கமாட்டேன்.)

ஒரு எச்சரிக்கை. குறிக்கும்போது ஒருவர் 102.50 என்பதை 120.50 என்று எழுதிவிட்டார் என்று வையுங்கள். சராசரி 105.20 ஆகிவிடும், திட்ட விலக்கம் 50 காசிலிருந்து கிட்டத்தட்ட 6.90 ரூபாய்க்குத் தாவும். வரிசைப்படுத்தி நடுவிலுள்ளதை எடுக்கும் இடைநிலை அளவு மட்டும் அதே 102.20-இல் அசையாமல் நிற்கும். ஆகவே சராசரியும் இடைநிலையும் வெகுதூரம் விலகியிருந்தால் விலை ஏறிவிட்டது என்று கொடி பிடிப்பதற்கு முன் நோட்டைப் புரட்டுங்கள். கூடுதல் விலைக்கு விற்கும் பிரீமியம் பெட்ரோலை யாராவது சாதா பெட்ரோலோடு கலந்து எழுதியிருக்கலாம்.

சராசரி என்றாலே நம் மலையில் ஒரு கசப்பு உண்டு. மாதந்தோறும் தேயிலை வாரியம் பச்சைத் தேயிலைக்கு அறிவிக்கும் சராசரி விலையைப் பார்த்துவிட்டு, கொழுந்து போட்ட கணக்குச் சீட்டையும் பார்த்துப் பெருமூச்சு விடாத சிறு விவசாயி கோத்தகிரிப் பக்கம் இல்லை. எனக்கும் முக்கால் ஏக்கர் இருக்கிறது. சராசரி எங்கோ நடுவில் நிற்கும் ஆள், நாம் எங்கே நிற்கிறோம் என்று அது சொல்லாது என்பதை உங்களுக்கு நான் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

இனிதான் விஷயம். என் பயிற்சி எண்களில் திட்ட விலக்கம் 50 காசு, சராசரி 102.20. முன்னதைப் பின்னதால் வகுத்து நூறால் பெருக்கினால் மாறுபாட்டுக் கெழு. விடை 0.49 சதவீதம். அரை சதவீதம்கூட இல்லை. உண்மையான விலைகளை நீங்கள் குறித்துப் போட்டாலும் மாவட்டத்துக்குள் இந்த மாதிரிச் சின்ன எண்தான் வரும் என்று பந்தயம் கட்டுகிறேன். டேங்கர் கூலி ஒன்றுதானே மாறுகிறது. 15 லிட்டர் போடுகிறவருக்கு உச்ச பங்க்குக்கும் அடி பங்க்குக்கும் உள்ள வித்தியாசம் 24 ரூபாய். அதைக் காட்டி நூற்றுக்குப் பதினைந்து வாடகை உயர்வு கேட்டால் யார்தான் சிரிக்கமாட்டார்கள்?

அப்படியானால் உங்கள் பணம் எங்கே போகிறது? ஏற்றத்தில் போகிறது. மேட்டுப்பாளையம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 300 மீட்டர். ஊட்டி 2,240 மீட்டர். வண்டியும் சரக்குமாக 4 டன் எடையை 1,900 மீட்டர் தூக்கி வைக்க, எடை, ஈர்ப்பு, உயரம் மூன்றையும் பெருக்கினால், ஏறத்தாழ ஏழரைக் கோடி ஜூல் ஆற்றல் வேண்டும். ஒரு லிட்டர் டீசலில் 3.6 கோடி ஜூல் அடங்கியிருக்கிறது. எஞ்சின் அதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாகத்தான் சக்கரத்துக்குக் கொடுக்கும், மிச்சம் ரேடியேட்டரிலும் புகைக்குழாயிலும் போகும். கணக்குப் போட்டால், உயரத்துக்கு மட்டுமே 7 லிட்டர். சாலையில் உருள்வதற்கும் காற்றைத் தள்ளுவதற்கும் வளைவில் நின்று மறுபடி கிளம்புவதற்கும் ஆகிற செலவு தனி. டீசல் 92 ரூபாய் என்று வைத்தால் 640 ரூபாயைக் குன்னூர் மலைப்பாதை தின்றுவிடுகிறது. சமவெளியில் ஓட்டுகிறவருக்கு இந்த 640 கிடையாது. மண்டபத்தில் நீங்கள் மேசை மேல் வைத்திருக்க வேண்டிய எண் இதுதான். 24-ஐ வைத்தீர்கள்.

இன்னொன்று, இது உங்கள் மீதே நீங்கள் செய்துகொள்ளும் அநியாயம். "ஏறும்போது லிட்டருக்கு 6 கிலோமீட்டர் கொடுக்கும் சார், இறங்கும்போது 18 கொடுக்கும், சராசரி 12" என்று ஒரு தம்பி என்னிடம் சொன்னார். 6-ஐயும் 18-ஐயும் கூட்டி இரண்டால் வகுத்துவிட்டார். நான் கற்றுக்கொடுத்த முறைதான் அது, ஆனால் இங்கே பொருந்தாது. மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி ஏறத்தாழ 50 கிலோமீட்டர். ஏற 50-ஐ 6-ஆல் வகுத்தால் 8.33 லிட்டர், இறங்க 50-ஐ 18-ஆல் வகுத்தால் 2.78 லிட்டர். மொத்தம் 11.11 லிட்டருக்கு 100 கிலோமீட்டர். லிட்டருக்கு 9 தான். 12 இல்லை. இதற்கு இசைச் சராசரி என்று பெயர், பெயரை மறந்துவிடலாம். மொத்த தூரத்தை மொத்த லிட்டரால் வகுத்தால் போதும், தானாகச் சரியாக வரும். 12 என்று நம்பி வாடகை பேசுகிறவர் போய்வரும் ஒவ்வொரு நடைக்கும் 2.78 லிட்டரைக் கணக்கில் எழுதாமல் விடுகிறார். 250 ரூபாய்க்கு மேல். பங்க் விலையில் ஒன்றரை ரூபாய்க்கு அவ்வளவு சத்தம் போட்ட நாம் இதைப் பற்றி ஒருநாளும் வாய் திறந்ததில்லை.

(இறக்கத்தில் நியூட்ரலில் விட்டு 18-ஐ 22 ஆக்கிக் காட்டுகிற வீரர்கள் இருக்கிறார்கள். அந்த எண் எனக்கு வேண்டாம். கல்லட்டி மலைப்பாதையின் 36 கொண்டை ஊசி வளைவுகளிலும் இரண்டாவது கியரில் இறங்கி வருகிற எண்ணைக் கொடுங்கள்.)

ஏற்றத்தில் லிட்டருக்கு எவ்வளவு என்பது நடைக்கு நடை மாறும். மழை, சரக்கு, சுற்றுலாக் கூட்டம், முன்னால் போகிற டேங்கர். ஐந்து நடைகளில் 5, 5.5, 6, 6.5, 7 வந்ததாக வைத்துக்கொள்வோம், இவையும் என் பயிற்சி எண்கள்தான். சராசரி 6, திட்ட விலக்கம் 0.71, மாறுபாட்டுக் கெழு 11.8 சதவீதம். ரூபாயையும் கிலோமீட்டரையும் நேராக ஒப்பிட முடியாது, ஆனால் சதவீதத்தையும் சதவீதத்தையும் ஒப்பிடலாம். மாறுபாட்டுக் கெழுவின் பயனே அதுதான். விலையின் சிதறல் அரை சதவீதம், மைலேஜின் சிதறல் பன்னிரண்டு. எது உங்கள் பையைக் கடிக்கிறது என்று நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

கூடலூர், பந்தலூர் நண்பர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. உங்கள் பட்டியலை எங்கள் பட்டியலோடு கலக்காதீர்கள். நாடுகாணியைத் தாண்டினால் கேரளம், கக்கநல்லாவைத் தாண்டினால் கர்நாடகம். மாநிலத்துக்கு மாநிலம் வரி வேறு. 2023 ஏப்ரல் முதல் கேரளம் லிட்டருக்கு 2 ரூபாய் கூடுதல் செஸ் வாங்குகிறது. கர்நாடகத்தில் 2024 ஜூனில் டீசல் விற்பனை வரி 14.34 சதவீதத்திலிருந்து 18.44 ஆக உயர்ந்தது. அந்த உயர்வுக்கு முன் பெங்களூரில் டீசல் 86 ரூபாயை ஒட்டி இருந்தபோது சென்னையில் 92.34. எல்லைக்கு இந்தப்பக்கமும் அந்தப்பக்கமும் உள்ள விலைகளை ஒரே குவியலில் போட்டுத் திட்ட விலக்கம் கண்டால் பெரிய எண் வரும். ஆனால் அது மலையால் வந்ததல்ல, வரியால் வந்தது. ஒரே மாநிலத்துக்குள் உள்ள சிதறல் ஒன்று, மாநிலங்களுக்கு இடையிலுள்ள சிதறல் வேறொன்று. இரண்டையும் பிரித்துக் காட்டினால் உங்கள் வாதம் வலுக்கும். கலந்து காட்டினால் எதிர்த்தரப்பு வக்கீலுக்கு விருந்து. அப்புறம் கர்நாடகத்துக் குண்டலுப்பேட்டையில் டேங்க் நிரப்பிக்கொண்டு வந்துவிட்டு கூடலூர் விலையில் வாடகை கேட்பவர் யார் என்று எனக்குத் தெரியும், பெயர் சொல்லமாட்டேன்.

காலத்தால் வரும் மாற்றத்தையும் விடக்கூடாது. நாள்தோறும் மாறலாம் என்ற விதி இருக்கிறதே தவிர, நாள்தோறும் மாறுவதில்லை. 2021 நவம்பர் தொடக்கத்திலிருந்து 2022 மார்ச் 21 வரை விலை நகரவில்லை. அந்த மாதங்களுக்குத் திட்ட விலக்கம் போட்டால் சுத்தமாகச் சுழியம் வரும். எவ்வளவு அமைதி என்று நினைப்போம். உலகச் சந்தையில் கச்சா எண்ணெய் கொதித்துக்கொண்டிருந்த காலம் அது. மார்ச் 22 முதல் ஏப்ரல் 6 வரை 16 நாளில் 14 முறை ஏற்றி, லிட்டருக்கு 10 ரூபாய் கூட்டினார்கள். ஆண்டுக்கு ஒருமுறை வாடகை பேசிப் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றுகிறவர்கள் அந்தப் பதினாறு நாளை மறந்திருக்கமாட்டார்கள். அப்புறம் மே 22-இல் கலால் வரியைக் குறைத்தார்கள், சென்னையில் பெட்ரோல் 102.63-இல் வந்து நின்றது. 2024 மார்ச் 15 அன்று 100.75 ஆகும்வரை, இரண்டு ஆண்டுக்குச் சற்றுக் குறைவாக, அசையவே இல்லை.

இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது இது: அடுத்த ஒப்பந்தத்தில் மாதச் சராசரியைப் பார்த்து வாடகை மாற்றுவது என்று எழுதாதீர்கள். மெதுவாக ஏறி இறங்கும் பொருளுக்குத்தான் சராசரி உதவும். தூங்கிக்கொண்டிருந்துவிட்டுத் திடீரென்று பாய்கிற பொருளுக்கு ஒரு வரம்பு வேண்டும். ஒப்பந்த நாளின் விலையிலிருந்து இத்தனை ரூபாய் ஏறினால் அன்றே வாடகை இவ்வளவு கூடும், அத்தனை ரூபாய் இறங்கினால் அன்றே குறையும் என்று எழுதுங்கள். குறையும் என்பதையும் எழுதினால்தான் வியாபாரிகள் கையெழுத்துப் போடுவார்கள். அந்தச் சொல்லை எழுத உங்களுக்கு மனம் வராது என்பதும் தெரியும்.

செய்ய வேண்டிய வேலை பெரிதில்லை. ஆளுக்கு ஒரு நாற்பது பக்க நோட்டு. டேங்கை முழுதாக நிரப்புங்கள், மீட்டரைக் குறியுங்கள், ஓட்டுங்கள், மறுபடி முழுதாக நிரப்புங்கள், எத்தனை லிட்டர் பிடித்தது என்று எழுதுங்கள். முடிந்தால் ஏற்றத்துக்குத் தனி நிரப்பல், இறக்கத்துக்குத் தனி நிரப்பல். பர்லியார் பாதை, கோத்தகிரி பாதை, கல்லட்டி, நடுவட்டம் ஒவ்வொன்றும் தனித்தனிப் பக்கம். சரக்கு எடையைத் தோராயமாகவாவது போடுங்கள். கேரட் மூட்டையோடு மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்குவதும் சிமென்ட்டோடு ஊட்டிக்கு ஏறுவதும் ஒரே நடை அல்ல. பங்க் விலையையும் அதே வரியில் எழுதுங்கள், அது தேவைப்படும், ஆனால் தலைப்பு அதுவல்ல. ஒரு வண்டிக்கு முப்பது நடை சேர்ந்தால் எனக்குப் போதும். ஐந்து நடையை வைத்துக்கொண்டு வந்து "சார், கணக்குப் போடுங்கள்" என்றால் திருப்பி அனுப்பிவிடுவேன்.

மழைக்கு முன் தொடங்குங்கள், மழையிலும் தொடருங்கள். வெயில் நடையை மட்டும் எழுதினால் எண் பொய் சொல்லும். கூட்டிப் பெருக்குவதற்கு வீட்டில் பேத்தி இருக்கிறாள், இந்த ஆண்டு பத்தாம் வகுப்பு. எட்டாம் இயலை அவளுக்கு நான் உங்கள் நோட்டுகளை வைத்தே நடத்தலாம் என்றிருக்கிறேன். ஞாயிறு காலை பத்து மணிக்கு மேல் எப்போது வந்தாலும் இருப்பேன். வர்க்கி வாங்கி வைக்கிறேன், வண்டியைச் சரிவில் நிறுத்தாமல் மேலே மைதானத்தில் நிறுத்திவிட்டு வாருங்கள். போன முறை வந்தவர் என் தேயிலைச் செடி நான்கை நசுக்கிவிட்டுப் போனார்.

அன்புடன்,
ஓய்வு பெற்ற கணக்கு ஆசிரியர்,
கோத்தகிரி